எழுத்து ஒன்று மாறினால் லைசென்ஸ் போச்சு! - ஆங்கிலம் பேசுபவர்களைத் திணறடிக்கும் இத்தாலிய வாக்கியம்

அமெரிக்காவில் 40 வருடங்கள் கார் ஓட்டிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெரிய விபத்து எதுவும் இல்லை. ரிட்டயர் ஆனதும், ஆசைப்பட்டபடியே இத்தாலியில் ஒரு சின்ன ஊரில் வீடு பார்த்துக் குடியேறுகிறார். முதல் வருடம் கவலையில்லை. அந்த ஊர்வாசியாகப் பதிவு செய்து ஒரு வருடம் முடிந்ததும், அவருடைய அமெரிக்க லைசென்ஸ் அங்கே செல்லாமல் போகிறது.

பிரிட்டன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. லைசென்ஸை அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்கர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 18 வயதுப் பையன்களோடு பையனாக உட்கார்ந்து, தியரி தேர்விலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

அந்தத் தேர்வு இத்தாலிய மொழியில்தான் நடக்கும். நாட்டின் வட எல்லையில் ஜெர்மன், பிரெஞ்சு பேசும் சிறுபான்மையினர் இருப்பதால் அந்த இரண்டு மொழிகளுக்கு இடம் உண்டு. ஆங்கிலம் கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் 30 வாக்கியங்கள் வரும். ஒவ்வொன்றும் சரியா, தவறா என்று சொல்ல வேண்டும். நேரம் 20 நிமிடங்கள். மூன்று தப்பு வரை மன்னிப்பு. நாலாவது தப்பு விழுந்தால், போய்விட்டு வாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், சாலை விதிகள் நம் அமெரிக்கருக்கு அத்துப்படி. சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வார்த்தைகளையும் டிக்‌ஷனரி வைத்து உருப்போட்டுவிடலாம். ஆனால், திரையில் வாக்கியம் வந்து நின்றதும் ஒரு தடுமாற்றம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிகிறது. மொத்தமாக அது என்ன சொல்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

வாரா வாரம் ஒரு மொழிக்குள் எட்டிப் பார்க்கும் இந்தப் பகுதியில், இந்த வாரம் அந்தத் தடுமாற்றத்தின் கதை.

‘நான்’ எங்கே போச்சு?

ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம். அதுவும் முதல் வரிசையில் உட்கார வேண்டும். மழை பெய்தால்கூட, ‘இட் இஸ் ரெய்னிங்’. யார் அந்த ‘இட்’? வானமா, மேகமா? யாருமே இல்லை. நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக உட்காரவைத்த பொம்மை அது.

இத்தாலியில் மழை பெய்தால் ‘பியோவே’. ஒரே வார்த்தை, வாக்கியம் முடிந்தது. ஆங்கிலம் பேசிப் பழகியவர் இதைப் படித்துவிட்டு ‘இட்’ எங்கே என்று தேடுவார்.

‘பார்லோ’ என்றால் பேசுகிறேன். ‘பார்லி’ பேசுகிறாய். ‘பார்லா’ பேசுகிறான், பேசுகிறாள். ‘பார்லியாமோ’ பேசுகிறோம். ‘பார்லாத்தே’ பேசுகிறீர்கள். ‘பார்லனோ’ பேசுகிறார்கள். யார் பேசுகிறார் என்ற தகவல் வினையின் வாலிலேயே இருக்கிறது. ஏன், ஆய், ஓம், ஆர்கள் என்று பள்ளிக்கூடத்தில் விகுதி படித்த நமக்கு இது பழைய சங்கதி. ஆங்கிலத்திலோ ஐ, யூ, வீ, தே என்று யார் வந்தாலும் ‘ஸ்பீக்’ மாறுவதில்லை. ஹீ, ஷீ வந்தால் மட்டும் ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொள்ளும். அதனால் வினையின் கடைசி எழுத்தைக் கவனிக்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை.

விளைவு? பேசும்போது எல்லா இடத்திலும் ‘ஈயோ’ போடுகிறார்கள். ‘ஈயோ’ என்றால் நான். ‘நான் எழுந்தேன். நான் காபி குடித்தேன். நான் கடைக்குப் போனேன்’ என்று மூன்றாம் வகுப்புக் கட்டுரை மாதிரி இருக்கும். கேட்கிற இத்தாலியருக்குப் புரியும். ஆனால், இவர் ஏன் இப்படி நெஞ்சைத் தட்டித் தட்டிப் பேசுகிறார் என்று தோன்றும்.

‘ஈயோ’வுக்கும் ஓர் இடம் உண்டு. ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில் வருகிறது. ‘பாகோ ஈயோ!’ என்று ஒருவர் கையை நீட்டுகிறார். கொடுக்கிறேன் நான். அதாவது, ‘நான்தான் கொடுப்பேன், நீ சும்மா இரு’. நம் ஊர் கேஷ் கவுன்டரில் மாமாவும் சித்தப்பாவும் போடும் அதே சண்டை. தமிழில் ‘தான்’ செய்கிற வேலையை இத்தாலிய மொழி, ‘நான்’ என்ற வார்த்தையை வினைக்குப் பின்னால் வைத்தே முடித்துவிடுகிறது.

பேசும்போது நடக்கும் தப்பை எதிரில் இருப்பவர் பொறுத்துக்கொள்வார். படிக்கும்போதுதான் ஆபத்து. ஆங்கிலக் கண், வாக்கியத்தின் தொடக்கத்தில் எழுவாயைத் தேடுகிறது. அங்கே இல்லையென்றால், முதலில் கண்ணில் படும் பெயர்ச்சொல்லைப் பிடித்து முதலாளி ஆக்கிவிடுகிறது. இத்தாலிய வாக்கியத்தை அப்படித் திறக்க முடியாது. முதலில் வினையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ‘இது யாருடைய வேலை’ என்று சுற்றிலும் தேட வேண்டும். வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுவரில் முட்டுகிறவர்கள்தான் அதிகம்.

போன் செய்தது யார்?

ஒரு சின்ன உதாரணம். ‘ஆ தெலெஃபொனாத்தோ மரியா.’ வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், ‘போன் செய்தார் மரியா’. ஆங்கிலத்தில் யோசிப்பவர் இதை எப்படிப் படிப்பார்? வினைக்குப் பின்னால் வருவது செயப்படுபொருள். எனவே, ‘யாரோ மரியாவுக்குப் போன் செய்திருக்கிறார்கள்’.

நேரெதிர்! மரியாதான் போன் செய்தார். மரியாவுக்கு யாராவது போன் செய்திருந்தால், நடுவில் இன்னொரு குட்டி ‘ஆ’ வந்திருக்கும். ‘ஆ தெலெஃபொனாத்தோ ஆ மரியா.’ அந்த ‘ஆ’தான் நம்முடைய ‘க்கு’. அது இருந்தால் மரியா போனை எடுத்தவர். இல்லாவிட்டால் போன் செய்தவர். திரும்ப போன் செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பது ஓர் எழுத்தில் இருக்கிறது.

மரியா ஏன் கடைசியில் வந்தார்? புதுத் தகவலை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது இத்தாலியர்களின் வழக்கம். எல்லோரும் ரயிலுக்காகக் காத்திருக்கும்போது ‘ரயில் என்னாச்சு?’ என்று கேட்டால், ரயில் முதலில் வரும்: ‘இல் த்ரேனோ எ அர்ரிவாத்தோ’. யாரும் எதுவும் கேட்காமல், ‘அட, வந்துடுச்சு ரயிலு!’ என்று சொன்னால் ரயில் பின்னால் போய்விடும்: ‘எ அர்ரிவாத்தோ இல் த்ரேனோ’. ஆங்கிலத்தில் இந்த வித்தியாசத்தைக் குரலில் காட்டுவார்கள். வார்த்தைகள் இடம் மாறாது.

ஆனால், தமிழ் அளவுக்கு இத்தாலிய மொழிக்குச் சுதந்திரம் இல்லை. ‘நாய் மனிதனைக் கடித்தது’, ‘மனிதனை நாய் கடித்தது’ என்று நாம் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப்போடலாம். ‘ஐ’ உருபு காப்பாற்றிவிடும். இத்தாலியப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி வேற்றுமை உருபு எதுவும் ஒட்டாது. அதனால் அங்கே நாயும் மனிதனும் சாதாரணமாக ஆங்கிலத்தில் நிற்கும் வரிசையில்தான் நிற்பார்கள். ‘முன்னே பின்னே எப்படி இருந்தாலும் சரி’ என்று நினைத்துக் குதித்தாலும் அடிபடும்.

அடைமொழி விஷயம் தனிக் கூத்து. அதைப் பெயருக்கு முன்னால் போட்டால் ஓர் அர்த்தம், பின்னால் போட்டால் வேறு அர்த்தம். ‘செர்த்தே நொத்தீட்ஸியே’ என்றால் சில செய்திகள். ‘நொத்தீட்ஸியே செர்த்தே’ என்றால் உறுதியான செய்திகள். வாட்ஸ்அப் குரூப்களில் வருவதெல்லாம் முதல் வகை.

காதலைச் சொல்லப்போய்...

எந்த இத்தாலிய வகுப்பிலும் சிரிப்பு கிளம்பும் பாடம் ஒன்று உண்டு. ‘பிடிக்கும்’ என்பதைச் சொல்லும் பாடம்.

ஆங்கிலத்தில் ‘ஐ லைக் காபி’. நான் எழுவாய், காபி செயப்படுபொருள். ஏதோ நான் காபியை என்னமோ செய்கிற மாதிரி. இத்தாலிய மொழியில் ‘மி பியாச்சே இல் கஃப்ஃபே’. ‘மி’ என்றால் எனக்கு. எனக்குப் பிடிக்கிறது காபி. எழுவாய் காபிதான். ‘நான்’ ஓரமாக, ‘க்கு’ போட்டுக்கொண்டு நிற்கிறேன். பிடித்தது ஒன்றாக இல்லாமல் பலவாக இருந்தால் வினையும் பன்மையாகும். புத்தகங்கள் பிடிக்கும் என்பதற்கு ‘மி பியாச்சொனோ இ லீப்ரி’.

ஆங்கிலம் பேசுபவருக்கு இது தலைகீழ் உலகம். நமக்கோ ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதைத் தவிர வேறு வழியே தெரியாது. 1680-ல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவருக்கு, தமிழின் ‘எனக்குப் பிடிக்கும்’ முதல் நாளே தெரிந்த முகமாக இருந்திருக்கலாம்.

இப்போது காதலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் யோசிக்கும் இளைஞர் ஒருவர், இத்தாலியத் தோழியிடம் ‘ஐ லைக் யூ’ சொல்ல நினைக்கிறார். ‘நான்’ வேண்டும், அதனால் வினையில் தன்மை விகுதி. ‘நீ’ வேண்டும், அதனால் ‘தி’. இரண்டையும் சேர்த்து மெள்ளச் சொல்கிறார்: ‘தி பியாச்சோ.’

அந்தப் பெண்ணுக்குக் கேட்டது, ‘உனக்கு என்னைப் பிடிச்சிருக்கு’. தன் மனதைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் மனதை இவரே அறிவித்துவிட்டார்! சொல்ல வேண்டியது ‘மி பியாச்சி’. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு.

பிரிவிலும் இதே கதைதான். ‘ஐ மிஸ் யூ’ என்பதை இத்தாலியர்கள் ‘மி மான்கி’ என்பார்கள். எனக்கு நீ குறைகிறாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருக்கும் மனைவிக்கு ‘தி மான்கோ’ என்று மெசேஜ் தட்டினால், ‘நான் இல்லாம உனக்குக் கஷ்டமா இருக்கு’ என்று ஆகிவிடும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சொல்ல வந்தது அதுவல்லவே.

மருந்துக் கடைக்குப் போனாலும் இந்த ‘எனக்கு’ கூடவே வரும். ‘மி ஃபா மாலே லா தெஸ்தா’ என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலம் ‘என் தலை’ என்று சொந்தம் கொண்டாடும். தமிழும் இத்தாலிய மொழியும், யாருடைய தலை என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற தைரியத்தில் ‘எனக்கு’ என்பதோடு விட்டுவிடுகின்றன.

‘கூடாது’ என்றால், யார்?

மறுபடி தேர்வுத் திரைக்கு வருவோம். சாலை விதி என்றாலே ‘செய்யலாம், செய்ய வேண்டும், செய்யக் கூடாது’தான். ‘இங்கே வண்டி நிறுத்தக் கூடாது’ என்று நாம் எழுதும்போது எழுவாயே இல்லை. யார் நிறுத்தக் கூடாது? எவருமே. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ‘யூ’ வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நிறுத்துவதையே எழுவாய் ஆக்க வேண்டும்.

இத்தாலிய மொழி இதற்கு ‘சி’ என்ற ஒரே ஓர் அசையை வைத்திருக்கிறது. ‘சி தேவே’ என்றால் வேண்டும். ‘சி புவோ’ என்றால் -லாம். ‘நோன் சி புவோ’ என்றால் கூடாது. பிரச்னை என்னவென்றால், இதே ‘சி’ வேறு இடங்களில் ‘தன்னை, தனக்கு’ என்ற வேலையையும் பார்க்கும். ‘ஓட்டுநர் வண்டியை நிறுத்தி நிற்க வேண்டும்’ என்பதில் வரும் ‘ஃபெர்மார்சி’யின் வாலில் இருப்பதும் ஒரு ‘சி’தான். முதல் ‘சி’ ஊருக்கெல்லாம் பொது. இரண்டாவது ‘சி’ அந்த ஓட்டுநருக்கு மட்டும். அகராதியைத் திறந்தால் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் கிடக்கும். எது எது என்று வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த கண்ணி, இரட்டை எதிர்மறை. ‘நோன் சே நெஸ்ஸூனோ’ என்றால் யாரும் இல்லை. பிரித்துப் பார்த்தால் ‘நோன்’ ஓர் எதிர்மறை, ‘நெஸ்ஸூனோ’ இன்னொரு எதிர்மறை. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் நேர்மறை என்று ஆங்கில டீச்சர்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை இங்கே போட்டால், ‘யாரோ இருக்கிறார்கள்’ என்று வரும். இத்தாலிய மொழியில் எதிர்மறையை எதிர்மறை வெட்டாது, இன்னும் இறுக்கும். சரியா, தவறா என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டிய தேர்வில், இந்தக் கணக்குத் தப்பினால் பதில் அப்படியே கவிழ்ந்துவிடும்.

இன்னொரு ஜோடி: ‘சே’, ‘ஆன்கே சே’. சாலை காலியாக இருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். சாலை காலியாக இருந்தாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று இன்னொரு வாக்கியம். இரண்டுக்கும் நடுவே தமிழில் ஓர் ‘உம்’. இத்தாலிய மொழியில் ஓர் ‘ஆன்கே’. ‘ஆன்கே’ என்றால் ‘கூட’ என்று தனியாக மனப்பாடம் செய்தவர், அதை ‘சே’யோடு சேர்த்துப் படிக்காமல் தாண்டிப் போய்விடுவார். தேர்வில் தேறுவதற்கு இந்தச் சின்ன வார்த்தைகளைப் பிடித்தாலே பாதி கிணறு தாண்டியாகிவிட்டது. ‘மோட்டார்வே’, ‘பிரேக்’ மாதிரியான பெரிய வார்த்தைகள் யாரையும் கவிழ்ப்பதில்லை.

தெரியுமா, தெரிய வந்ததா?

லைசென்ஸ் வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். சாலையில் லேசாக உரசல். இத்தாலியில் காரின் டேஷ்போர்டில் நீல நிறப் படிவம் ஒன்று வைத்திருப்பார்கள். சின்ன விபத்தென்றால் இரண்டு ஓட்டுநர்களும் அதைச் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்துப் போட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்பலாம். ‘கொன்ஸ்தத்தாட்ஸியோனே அமிக்கேவொலே’ என்று பெயர். ‘அமிக்கேவொலே’ என்றால் நட்பான என்று அர்த்தம். முட்டிக்கொண்டவர்கள் எவ்வளவு நட்பாக இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தப் படிவத்தின் நடுவில் 17 கட்டங்கள். இந்தப் பக்கம் ‘ஏ’ வண்டி, அந்தப் பக்கம் ‘பி’ வண்டி. நடுவில் என்ன நடந்தது என்று பட்டியல். ‘சோர்பஸ்ஸாவா’, ஓவர்டேக் செய்துகொண்டிருந்தது. ‘ஜிராவா ஆ தெஸ்த்ரா’, வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ‘ரெத்ரொச்சேதேவா’, பின்னால் வந்துகொண்டிருந்தது. எழுவாய் என்ற பேச்சே இல்லை. பெரும்பாலும் ‘வா’வில் முடிகிற வினைகள். எந்தப் பக்கத்தில் டிக் அடிக்கிறீர்களோ, அந்த வண்டிதான் எழுவாய். மறந்தாற்போல் மற்ற பக்கத்தில் அடித்தால், எதிராளி செய்த தப்பு நம் பெயருக்கு வந்துவிடும்.

அந்த ‘வா’, நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலம். இலக்கணப் பெயர் ‘இம்பெர்ஃபெத்தோ’. முடிந்துபோன சம்பவத்துக்கு வேறு இறந்தகாலம். இரண்டில் எதைப் போடுவது என்பதுதான் ஆங்கிலம் பேசுபவர்களை வருடக்கணக்கில் விடாமல் துரத்தும் கேள்வி. காரணம், அவர்களுடைய சாதாரண இறந்தகாலம் இரண்டு வேலையையும் சேர்த்தே பார்த்துவிடுகிறது. ‘ஐ நியூ’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிப் பழகியவர், இத்தாலிய மொழிக்கு வந்ததும் நின்று யோசிக்க வேண்டும். ‘சப்பேவோ’ என்றால் எனக்கு முன்பே தெரியும். ‘ஓ சப்பூத்தோ’ என்றால் எனக்குத் தெரிய வந்தது.

சாலை மூடப்பட்டிருந்தது என்று போலீஸ்காரரிடம் விளக்கும்போது, இந்த இரண்டும் ஒன்றா? முன்பே தெரிந்து உள்ளே வந்தவர் வேறு, உள்ளே வந்த பிறகு தெரிந்துகொண்டவர் வேறு. ஒருவருக்கு எச்சரிக்கை, இன்னொருவருக்கு அபராதம் என்றுகூடப் போகலாம்.

இந்த இறந்தகாலக் குழப்பத்தில் சிக்கியவர்களில் உலகறிந்த எழுத்தாளர் ஒருவரும் உண்டு. ஜும்பா லஹிரி. லண்டனில் வங்காளப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, ஆங்கிலத்தில் எழுதி, 2000-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். பரிசும் புகழும் தந்த ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, 2012-ல் குடும்பத்தோடு ரோமுக்குப் போய், இத்தாலிய மொழியிலேயே எழுத ஆரம்பித்தார். 2015-ல் வந்த ‘இன் அல்த்ரே பரோலே’ என்ற அவருடைய புத்தகத்தில், இந்த ‘இம்பெர்ஃபெத்தோ’வுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வருடக்கணக்கில் படித்த பிறகும் எந்த இடத்தில் எந்த இறந்தகாலம் என்று தடுமாறுவதை அவர் மறைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கே ‘குறையுள்ள’ என்றும் அர்த்தம் உண்டு என்பதையும் அவர் விடவில்லை.

புத்தகம் ஆங்கிலத்துக்கு வந்தபோது அவர் மொழிபெயர்க்கவில்லை. ஆன் கோல்ட்ஸ்டைன் மொழிபெயர்த்தார். தானே செய்தால், இத்தாலிய மொழியில் தான் எழுதிய கரடுமுரடான வாக்கியங்களை ஆங்கிலத்தில் இழைத்துவிடக் கூடும் என்று அவர் பயந்தார். சொந்தத் திறமையைக் கண்டு பயந்து ஒதுங்கிய எழுத்தாளர்கள் அபூர்வம்.

அதன் பிறகு 2018-ல் இத்தாலிய மொழியிலேயே ஒரு நாவல். பெயர் ‘தோவே மி த்ரோவோ’. மூன்று வார்த்தைகள். தோவே, எங்கே. மி, என்னை. த்ரோவோ, காண்கிறேன். நான் எங்கே இருக்கிறேன் என்ற சாதாரணக் கேள்விக்கும் இதே வார்த்தைகள்தான். என்னை நான் எங்கே கண்டுகொள்கிறேன் என்றும் படிக்கலாம். ‘நான்’ என்று தனி வார்த்தை இல்லை. கடைசி ‘ஓ’வில் ஒளிந்திருக்கிறது. 2021-ல் இந்த முறை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, தலைப்பு ‘வேர்அபவுட்ஸ்’ என்று ஒற்றை வார்த்தை ஆனது. அதில் எந்த ‘நானும்’ இல்லை.

இலக்கணம் சரியானால் எல்லாக் கதவும் திறந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. சலேர்னோ நகரத்தில் ஒரு கடையில் லஹிரி நல்ல இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார். ஸ்பானிய வாடையோடு இரண்டொரு வார்த்தை பேசிய அவருடைய கணவரைத்தான் கடைக்காரப் பெண் இத்தாலியர் என்று நினைத்துப் பாராட்டுகிறார். முகத்தைப் பார்த்துக் காது முடிவு செய்துவிடுகிறது என்று அந்தப் புத்தகத்தில் கசப்போடு எழுதியிருக்கிறார் லஹிரி. இதற்கு எந்த இலக்கணப் புத்தகத்திலும் பாடம் இல்லை.

போலீஸிடம் ‘மன்னிச்சுக்கோ’

ஆங்கிலத்தில் பிரதமருக்கும் ‘யூ’, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ‘யூ’. இத்தாலிய மொழியில் ‘தூ’ என்றால் நீ. மரியாதைக்கு ‘லேய்’. ‘லேய்’ என்ற சொல்லுக்கு ‘அவள்’ என்றும் அர்த்தம்! எதிரில் நிற்பவர் ஆறடி உயரப் போலீஸ்காரராக இருந்தாலும், அவரிடம் பேசும்போது வினை ‘அவள்’ விகுதியில்தான் வர வேண்டும். ஆங்கிலம் பேசுபவருக்கு முதலில் இது யாரோ மூன்றாவது மனுஷியைப் பற்றிய பேச்சு மாதிரியே கேட்கும்.

1938-ல் முசோலினியின் ஃபாசிச அரசு, இந்த ‘லேய்’ வெளிநாட்டு வழக்கம், அடிமைத்தனம் என்று சொல்லி ஒழிக்கப் பார்த்தது. பதிலாக ‘வோய்’ என்று சொல்லுங்கள் என்று பிரசாரம் செய்தது. அரசு போனது, ‘லேய்’ இருக்கிறது.

‘பதென்தே எ லிப்ரெத்தோ’ என்று கை நீட்டுவார் போலீஸ்காரர். லைசென்ஸும் ஆர்.சி புத்தகமும் எடுங்கள் என்று அர்த்தம். பதற்றத்தில் ‘ஸ்கூஸா’ என்றால், ‘மன்னிச்சுக்கோ’. ‘ஸ்கூஸி’ என்றால், ‘மன்னிச்சிடுங்க’. ஆ, ஈ என்ற இரண்டு எழுத்து வித்தியாசத்தில் போலீஸ்காரரின் புருவம் ஏறுவதும் இறங்குவதும் இருக்கிறது. நீ, நீங்கள் பழக்கம் இருக்கிற நமக்கு அந்தப் புருவம் நன்றாகவே புரியும்.

நமக்கும் சிக்கல் உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு, தமிழருக்கு இத்தாலிய மொழி அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று நினைத்தால், அதுவும் தப்பு. நம்மைக் கவிழ்க்க வேறு இடம் இருக்கிறது. பால். அஃறிணைக்கும் அங்கே ஆண்பால், பெண்பால் உண்டு. நாற்காலி பெண், பிரச்னை ஆண். கைக்கு ‘மானோ’ என்று பெயர். ஆணுக்குரிய ‘ஓ’வில் முடிந்தாலும் அது பெண்.

கார் என்ன பால் என்பதில் அவர்களுக்கே ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது. 1920-ல் கவிஞர் கப்ரியேலே தன்னுன்ட்ஸியோ, ஃபியட் நிறுவனத்தின் ஜொவான்னி அஞெல்லிக்கு எழுதிய கடிதத்தில், ‘ஆட்டோமொபைல்’ பெண்பால்தான் என்று தீர்ப்பு சொன்னார். இன்றுவரை அது பெண்தான்.

பால் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? ‘மரியாவை பாவ்லோவோடு பார்த்தேன், களைப்பாக’ என்று தமிழில் சொன்னால், யாருக்குக் களைப்பு என்பது தெரியாது. இத்தாலிய மொழியில் கடைசிச் சொல் ‘ஸ்தான்கா’ என்றால் களைத்தது மரியா, ‘ஸ்தான்கோ’ என்றால் பாவ்லோ. வாக்கியத்தின் இந்தக் கோடியில் இருக்கும் சொல்லையும் அந்தக் கோடியில் இருக்கும் சொல்லையும் ஓர் உயிரெழுத்து முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சு கண்ணுக்குத் தெரியாதவருக்கு நீளமான வாக்கியங்கள் எல்லாமே சிக்கலான நூல்கண்டுதான்.

குடியுரிமைக்கும் இது தேவை. 2018-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, திருமணம் வழியாகவோ, அங்கேயே வசிப்பதை வைத்தோ குடியுரிமை கேட்பவர்கள் பொதுவாக ‘பி1’ என்ற இடைநிலை அளவுக்கு மொழி தெரியும் என்று சான்று காட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து போனவருக்கும் அதே சான்றுதான். சிசிலித் தீவின் பலேர்மோவில் வசிக்கும் ஈழத் தமிழருக்கும் அதே சான்றுதான். முன்னவர் ‘மி பியாச்சே’யில் நின்று மூச்சு வாங்குவார். பின்னவர் அதைத் தாண்டிவிட்டு, நாற்காலி ஏன் பெண் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

நம் 40 வருட அனுபவசாலி தேர்வில் தேறினாலும் கதை முடியவில்லை. அவர் கையில் இருப்பது புத்தம் புது லைசென்ஸ். பழைய அனுபவம் கணக்கில் வராது. முதல் மூன்று வருடங்களுக்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வண்டி ஓட்டும்போது ஒரு சொட்டு மது கூடாது. இப்படிப் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு இத்தாலிய மொழியில் ஒரு பெயர் உண்டு. ஆண் என்றால் ‘நெயோபதென்தாத்தோ’. இங்கேயும் அந்தக் கடைசி எழுத்து விடாது. 60 வயது அமெரிக்கப் பாட்டி ஒருவர் தேர்வில் பாஸ் செய்து வெளியே வந்தால், அவர் ‘நெயோபதென்தாத்தா’.